முதல் பிடி சோறு: சமயக் கதையை மிகுபுனைவாக மாற்றி எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

பதினோரு ஆண்டுகள் ஒரு பக்தி மாத இதழுக்குக் கதை எழுதினேன். பிறகு நான்கு ஆண்டுகள் செலவிட்டு, எந்தச் சமயத்தவரும், சமயமே வேண்டாம் என்பவரும் படிக்கக்கூடிய மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலாக மணிமேகலையை மாற்றி எழுதினேன். தங்கள் கோயிலையோ தேவாலயத்தையோ தர்காவையோ சார்ந்து எழுதிய கதைகளைப் பொது வாசகரிடம் கொண்டுபோக விரும்பும் பலர் அப்போதிலிருந்து கேள்விகள் அனுப்புகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கை பழகிய நூல் மணிமேகலை என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

சமயக் கதையிலேயே அற்புதங்கள் நிறைந்திருக்கின்றன. அதை மிகுபுனைவாக மாற்ற என்ன இருக்கிறது?

அற்புதம் இரண்டிலும் ஒன்றுதான். அதை நம்புவதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

பக்தி இதழின் வாசகர் நம்பிக்கையை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். "சுவாமி காட்சி கொடுத்தார்" என்று ஒரு வரி எழுதினால் போதும். விளக்கேற்றிய பூஜையறை, பாட்டி சொன்ன கதை, தேர் இழுத்த தெரு எல்லாம் அந்த வரிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். எழுதுபவரின் வேலையில் பாதியை வாசகரே செய்துவிடுகிறார். நானும் ஆண்டுக்கணக்கில் அந்தக் கடனில்தான் எழுதினேன்.

பொது வாசகர் வெறுங்கையோடு வருகிறார். அவருக்கு அந்த நம்பிக்கையைக் கதைக்குள்ளேயே விதைத்து, கதைக்குள்ளேயே அறுவடை செய்துகொடுக்க வேண்டும். மாற்றி எழுதுதல் என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான். தெய்வத்தின் பெயரை அடித்துவிட்டு "ஒளிரும் சக்தி" என்று போட்டால் பழைய கடன் அப்படியே நிற்கும். கடன் கொடுத்தவர் மட்டும் போய்விடுவார்.

ஏன் மணிமேகலையை எடுத்தீர்கள்?

சீத்தலைச் சாத்தனார் பௌத்தத்துக்காக எழுதிய காப்பியம் அது. முப்பது காதைகள், அதாவது அத்தியாயங்கள். இன்றைய தமிழ் வாசகரில் மிகப் பெரும்பாலோர் பௌத்தர் அல்லர். ஆகவே அந்த நூலுக்குத் தமிழுலகம் முழுவதுமே வெளிவட்ட வாசகர்தான். உ. வே. சாமிநாதையர் 1898-இல் அதைப் பதிப்பித்தபோதே அதிலுள்ள பௌத்தச் சொற்கள் தமிழ்நாட்டுக்கு அந்நியமாகிவிட்டிருந்தன. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரின் துணையோடுதான் ஐயர் அவற்றுக்குப் பொருள் கண்டார். சமயம் விலகிப் போன பிறகும் அமுதசுரபி என்ற சொல் மக்கள் வாயில் நிற்கிறது. கதை தன் சமயத்தைக் கடந்து உயிர் வாழும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் மொழியில் எனக்குக் கிடைக்கவில்லை.

கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலையைச் சோழ இளவரசன் உதயகுமரன் விரும்பித் தொடர்கிறான். மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கிருக்கும் புத்த பீடிகை அவளுக்கு முற்பிறவியைக் காட்டுகிறது. அப்பிறவியில் உதயகுமரன் அவள் கணவன். வேற்றுரு எடுக்கவும், வானில் செல்லவும், பசியை வெல்லவும் மூன்று மந்திரங்கள் பெறுகிறாள். கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்ற அள்ள அள்ளக் குறையாத பாத்திரமும் கிடைக்கிறது. புகார் திரும்பிப் பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். இளவரசன் கொல்லப்படுகிறான். அவள் சிறைப்படுகிறாள், புகாரைக் கடல் கொள்கிறது, கடைசியில் காஞ்சியில் அறம் கேட்டு நோன்பு பூணுகிறாள்.

முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

அற்புதத்தின் நிபந்தனைகளில். மிகுபுனைவு படிப்பவர் "இது எப்போது நடக்கும்?" என்பதைவிட "எப்போது நடக்காது?" என்பதைத்தான் கவனித்துப் படிக்கிறார். எல்லாம் நடக்கும் என்ற உலகத்தில் அவருக்குப் பதைப்பே வராது.

பழைய சமயக் கதைகளில் இந்த நிபந்தனைகள் ஏற்கெனவே இருக்கும். நாம்தான் பக்திப் பரவசத்தில் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். அமுதசுரபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள், புத்தர் பிறந்த வைகாசி விசாகத்தன்று மட்டுமே அது பொய்கையின் மேலே வரும். கையில் கிடைத்தாலும் உடனே சுரக்காது. முதல் பிச்சையை ஆதிரை என்ற பெண் இட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய நிபந்தனை, உண்பவர் இல்லாத இடத்தில் அது வெறும் ஓடு.

இந்தக் கடைசி நிபந்தனையிலிருந்துதான் ஆபுத்திரனின் கதை பிறக்கிறது. பெற்றவள் விட்டுச் சென்ற குழந்தை. ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. வளர்ந்தபின் வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காக ஊரை விட்டு விரட்டப்பட்டான். மதுரையில் பிச்சை எடுத்து, குருடர்க்கும் முடவர்க்கும் கொடுத்து, மிஞ்சியதை உண்டு வாழ்ந்தவனுக்குச் சிந்தாதேவி பாத்திரத்தைத் தந்தாள். அவன் அறத்தால் இந்திரனின் இருக்கை அசைந்தது. வரம் தர வந்த இந்திரனைப் பார்த்து அவன் சிரித்தான். இந்திரன் பழிவாங்கிய விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது: நாடெங்கும் மழையைப் பொழிந்தான். வயல் விளைந்தது. பசி ஒழிந்தது. ஆபுத்திரனின் வாசலுக்கு வர ஒருவரும் இல்லாமல் போனார்கள். பசித்தவரைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறினான். இடையில் ஆளற்ற மணிபல்லவத்தில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. கையில் உலகத்துக்கே சோறு போடும் பாத்திரம், எதிரில் ஒரு வாயும் இல்லை. தான் மட்டும் உண்டு வாழ மனம் ஒப்பாமல் அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

வளத்தையே ஆயுதமாக வீசும் ஒரு பகைவனை நான் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். சாத்தனாரிடமே இருக்கிறது. உங்கள் கதையிலும் இப்படி ஏதோ இருக்கும். தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: இந்த அற்புதம் யாருக்குக் கிட்டாது, எந்த இடத்தில் பலிக்காது, பலித்தால் யாருக்கு வலிக்கும்?

கற்பு, குலம், தூய்மை போன்ற பழைய கருத்துகள் கதையின் நடுவிலேயே இருந்தால் என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். என்னை நீண்ட நாள் எழுதவிடாமல் நிறுத்தியதும் இதுதான்.

என் அக்காள் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. முதல் வரைவைப் படித்துவிட்டு, "முதல் சோற்றை ஆதிரைதான் போட வேண்டும் என்றால், மாதவி போட்டிருந்தால் பாத்திரம் சுரந்திருக்காதா, சித்தி?" என்று கேட்டாள். மாதவி கணிகைக் குலத்தவள்; ஆதிரை கற்புடைய மனைவி. என் வரைவில் இருந்த விடை அதுதான், அதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பகுதி அப்போது இப்படி இருந்தது:

"கற்புக்கரசியாம் ஆதிரையின் திருக்கரத்தால் இட்ட அன்னம் விழுந்ததுதான் தாமதம், பாத்திரம் பொங்கிப் பெருகிற்று. கற்பின் மகிமையை என்னென்று சொல்வது!"

இதை எழுதியபோது நான் வாசகரிடம் முழுத் தொகையையும் கடன் வாங்கியிருந்தேன். கற்பின் வலிமையை ஏற்கெனவே நம்புகிறவருக்கு மட்டுமே இந்த வரி செல்லும்.

கருத்தை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கினால் முதல் பிச்சைக்கே காரணம் இல்லாமல் போகும். மறுபடி மூலத்துக்குத்தான் போனேன். பதினாறாம் காதை ஆதிரை பிச்சையிட்ட காதை. ஆதிரையின் கணவன் சாதுவன் அவளை விட்டுப் பிரிந்து ஒரு கணிகையின் வீட்டில் இருந்தான். சூதில் பொருளை எல்லாம் தோற்றான். கை வறண்டதும் அந்தக் கணிகை விரட்டினாள். பிறகு வணிகரோடு கப்பலேறினான், கப்பல் கவிழ்ந்தது. அவன் இறந்தான் என்ற செய்தி கேட்டு ஆதிரை தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை. சாதுவனோ நாகர் தீவில் கரையேறி, அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைத்து ஊர் திரும்பினான்.

இதைப் பலமுறை படித்தவள்தான் நான். அன்றுதான் ஒன்று உறைத்தது. ஆதிரையின் வாழ்வைக் குலைத்தவள் ஒரு கணிகை. இப்போது அவள் வாசலில் கையேந்தி நிற்பவள் ஒரு கணிகையின் மகள்! சாத்தனார் இதை விளக்கவில்லை, இரண்டையும் ஒரே காதையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பாத்திரத்தின் நிபந்தனை எனக்கு அங்கே கிடைத்தது. பகுதியைத் திரும்ப எழுதினேன்:

"வாசலில் நின்றவளை ஆதிரைக்குத் தெரியும். மாதவியின் மகள். அந்தத் தெருவைக் கடக்கும்போது தன் கால்கள் தாமே விரைவதையும் ஆதிரை அறிவாள். சாதுவன் அவளுடைய வளையல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்த வீடு அங்கேதான் இருந்தது. பாத்திரத்தைப் பார்த்தாள். காலியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கதவு சாத்தப்படும் என்று நினைத்து மணிமேகலை படியிறங்கினாள். இரண்டாம் படியில் கால் வைத்தபோது பின்னால் அகப்பை பானையில் தட்டும் ஓசை கேட்டது. ஆதிரை வந்தாள். சோற்றை இட்டபோது அவள் கை நடுங்கியது, ஆனால் அகப்பை கவிழ்ந்தது. பாத்திரத்தின் அடி மெல்லக் கனத்தது."

தெருவும் வளையலும் ஆதிரையின் தயக்கமும் என் கற்பனை. சாதுவனின் பிரிவும், வாசலில் நிற்கும் கணிகையின் மகளும், ஆதிரை இட்ட சோறும் சாத்தனார் வைத்தவை. கற்பு என்ற சொல் இந்தப் பத்தியில் இல்லை. ஆயினும் ஆதிரையின் பெருமை குறையவில்லை. பழைய வரைவில் அவள் ஒரு பட்டம், இதில் அவள் ஒரு பெண். "பாத்திரம் யார் கையால் சுரக்கும்?" என்று கேட்டால் இனி வாசகரே விடை சொல்லிவிடுவார்: கொடுக்க விரும்பாதிருக்க எல்லாக் காரணமும் உள்ளவர் கையால்.

பழைய கருத்தை வெட்டி எறியும் முன் அதன் அடியில் எந்த மனிதச் சிக்கல் கிடக்கிறது என்று தோண்டுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காத இடங்களும் உண்டு. பிறப்பால் ஒருவரைத் தாழ்த்துவது தவிர வேறெதுவும் அடியில் இல்லாத பகுதிகளை நான் தயங்காமல் நீக்கியிருக்கிறேன்.

தெய்வங்களைக் கதாபாத்திரங்களாக வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு இயலாதது ஏதேனும் இருக்குமானால். மணிமேகலா தெய்வம் கடலில் தவிப்போரைக் காப்பவள். பௌத்த ஜாதகக் கதைகளில் வருகிறாள். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் மின்னலோடு தொடர்புடைய தேவதையாக இன்றும் அறியப்படுகிறாள். பல நாடுகளில், பல கதைகளில் புழங்கிய தெய்வத்தை எந்த வாசகரும் அந்நியமாக நினைக்க மாட்டார்.

ஆனால் அவள் செய்வதைக் கவனியுங்கள். உறங்கும் பெண்ணைத் தூக்கி வந்து, யாருமற்ற கடற்கரையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மணிமேகலை விழித்ததும் தோழி சுதமதியைத் தேடிக் கூவுகிறாள், தந்தையை நினைத்து அழுகிறாள். பக்தி வரைவில் இதை இரண்டு வரியில் கடந்து பீடிகையின் மகிமைக்கு ஓடியிருந்தேன். புதிய வரைவில் அந்தக் காலைப்பொழுதுக்கு ஓர் அத்தியாயம் முழுவதும் கொடுத்தேன். காக்கும் தெய்வம் கைவிட்டதுபோல் தோன்றும் அந்த நாழிகை எந்த நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தெரிந்த நாழிகை.

வினைப்பயன், மறுபிறவி இவற்றை ஏற்காத வாசகருக்கு எப்படிச் சொல்வது?

விளக்காதீர்கள், காட்டுங்கள். உதயகுமரன் ஏன் வெட்டுண்டான் என்பதற்குத் தூணில் இருக்கும் கந்திற்பாவை காரணம் சொல்கிறது. முற்பிறவியில் ஒரு முனிவருக்கு விருந்து நடந்தபோது, உணவு கொண்டுவந்த சமையற்காரன் கால் தடுக்கி விழுந்து பாத்திரங்கள் உடைந்தன. அப்பிறவியில் உதயகுமரனாக இருந்தவன் அந்தச் சமையற்காரனை வெட்டிக் கொன்றான்.

சோறு பற்றிய காப்பியத்தில் சோறு கொண்டுவந்தவனின் கொலை! இதைப் பாவையின் வாயில் தகவலாக விட மனம் வரவில்லை. என் நாவல் அந்தச் சமையலறையில்தான் தொடங்குகிறது: ஈரத் தரை, வழுக்கும் கால், உடையும் பானை, உருவிய வாள். யாருடைய பிறவி என்று அங்கே சொல்லவில்லை. முந்நூறு பக்கம் கழித்து இளவரசன் இருட்டில் நடந்து வரும்போது அவன் காலடியில் ஓர் ஓடு நொறுங்குகிறது. மறுபிறவியை நம்பாதவரும் அந்த ஓசையை நம்புகிறார்.

மணிமேகலை வேற்றுரு எடுத்ததும் இந்தக் கொலைக்குக் காரணம் என்பதையும் விட்டுவிடக் கூடாது. இளவரசனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவில் திரிந்தாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியிடம்தான் இளவரசன் வருகிறான் என்று எண்ணி வாள் வீசினான். மந்திரத்தின் விலையை மூலமே வாங்கிவிட்டது.

நீண்ட போதனைப் பகுதிகளை என்ன செய்வது?

சுருக்குங்கள். இருபத்தொன்பதாம் காதையின் தருக்கப் பாடத்தை நான் ஒரு பக்கமாக்கினேன். அறிஞர்களுக்கு அது பொக்கிஷம். நாவலில் அதற்கு இடமில்லை.

இருபத்தேழாம் காதையை மட்டும் முழுக்க வைத்துக்கொண்டேன். வஞ்சி நகரில் பல சமயத்தவரிடமும் அவள் கொள்கை கேட்கும் பகுதி. இளம்பெண் என்றால் யாரும் உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வம் முன்பே எச்சரித்திருந்ததால், ஆண் துறவி வடிவில் போகிறாள். நரைத்த தாடிக்குள் இருந்து ஓர் இளம்பெண் கேள்வி கேட்கிறாள் என்பது வாசகருக்கு மட்டும் தெரியும். அந்தப் பதற்றம் இருந்தால் எந்தத் தத்துவத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சமயத்தை வெளியே காட்டாமல் எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகாதா?

மதம் மாற்றும் எண்ணத்தை ஒளித்து வைத்து எழுதினால் ஆகும். அப்படிப்பட்ட கைப்பிரதியை வாசகர் பத்தாம் பக்கத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கின் கத்தோலிக்கர். மோதிரத்தைச் சுற்றி அவர் எழுதிய பெரிய மிகுபுனைவில் கோயில் இல்லை, வழிபாடு ஏறக்குறைய இல்லை. ஆனால் அது அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பு என்று ஏசு சபையைச் சேர்ந்த நண்பர் ஒருவருக்கு 1953-இல் எழுதினார். முதலில் தன்னையறியாமலும், திருத்தி எழுதும்போது அறிந்தும் அப்படி ஆனது என்றார். சமயச் சடங்குகளை நீக்கியதற்கும் அவர் சொன்ன காரணம் அதுவே: சமயம் கதையின் இழையிலேயே கரைந்துவிட்டது. அவருடைய நண்பர் லூயிஸ் வேறு வழியில் போனார். சிறுவர்களுக்காக அவர் எழுதிய நார்னியா கதைகளில் வரும் சிங்கம் யாரைக் குறிக்கிறது என்பது கிறித்தவர்களுக்கு உடனே புரியும்.

எனக்கு டோல்கின் வழிதான் பிடித்திருக்கிறது. லூயிஸின் வழியில் குறியீடு புரிந்ததும் சில வாசகர்கள் கதையை விட்டுவிட்டுக் குறியீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் முன்னுரையில் "இது இன்ன சமயக் கதையிலிருந்து பிறந்தது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் எழுதினேன். அதனால் ஒரு வாசகரையும் இழக்கவில்லை.

வாழும் சமயத்தின் கதை என்றால்? பௌத்தக் காப்பியம் எழுதுவது எளிது அல்லவா?

தமிழ்நாட்டில் எளிது, இலங்கையில் அப்படிச் சொல்ல முடியாது. மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவுதான் என்று கருதுவோர் உண்டு. அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் இருக்கிறது, பௌத்த விகாரையும் இருக்கிறது. இரண்டு நாக அரசர்கள் மணி இழைத்த ஆசனத்துக்காகச் சண்டையிட்டதையும் புத்தர் வந்து தீர்த்ததையும் மகாவம்சமும் சொல்கிறது, மணிமேகலையும் சொல்கிறது. இரு தரப்பும் உயிராய்ப் போற்றும் மண். அதனால் நான் தீவின் திசையையும் தூரத்தையும் சொல்லவில்லை. மூலப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மற்றக் கதைகளுக்கு என் அறிவுரை: வழிபடப்படுபவரை விட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நின்றவரை நாயகராக்குங்கள். வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணி பாடியபோது கிறித்துவின் வளர்ப்புத் தந்தை சூசையை எடுத்துக்கொண்டார், வளன் என்று தமிழ்ப் பெயரும் வைத்தார். அது பக்திக் காப்பியம்தான். ஆனாலும் நாயகரைத் தேர்ந்தெடுத்ததில் நமக்குப் பாடம் இருக்கிறது. சீனத்தில் இன்னும் துணிந்து போனார்கள். யுவான் சுவாங் 629-இல் புறப்பட்டு 645-இல் நூல்களோடு நாடு திரும்பிய உண்மைத் துறவி. நம் காஞ்சிபுரத்துக்கும் வந்தவர். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அவர் பயணம் பெரும் மிகுபுனைவு நாவலானபோது, கதையைத் தூக்கிச் சுமந்தது ஒரு குரங்கு. துறவி பயந்த சுபாவக்காரராக நடுவில் இருக்கிறார். சிரிப்பும் சண்டையும் குரங்குக்கு, புனிதம் யாத்திரைக்கு. இந்தப் பங்கீட்டை நன்றாகப் படித்துப் பாருங்கள்.

இஸ்லாமியக் கதைகளில் நபிகளை உருவகித்துப் பாத்திரமாக்கவே கூடாது. இதில் வாதத்துக்கு இடமில்லை. அம்மக்களுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பது போதுமான காரணம். சந்தையின் வணிகர், பாலைவனத்து வழிகாட்டி, கிணறு வெட்டியவர் என எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

சட்டச் சிக்கல் வருமா?

வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு ஒரு பிரிவினரின் சமய உணர்வைப் புண்படுத்துவது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. நோக்கம்தான் அதில் முக்கியம். பதிப்புக்கு முன் அந்தச் சமயத்தைச் சேர்ந்த இருவரிடமாவது படிக்கக் கொடுங்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. என் கைப்பிரதியில் ஒரு பிக்குவின் உடை விவரம் தவறாக இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

பழைய நூலைப் பயன்படுத்த அனுமதி வேண்டுமா?

மூலத்துக்கு வேண்டாம். உரைகளைக் கவனியுங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. உ. வே. சா. 1942-இல் காலமானார், அவர் எழுத்துகள் இப்போது பொதுவுடைமை. அண்மைக்கால உரையாசிரியரின் சொற்களை எடுப்பதானால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

என் பழைய பக்தி வாசகர்களை இழந்துவிட மாட்டேனா?

சிலரை இழக்கலாம். எனக்கு ஒரு மூதாட்டி மூன்று பக்கக் கடிதம் எழுதினார், வருத்தத்தோடு. பதில் எழுதினேன், இன்றும் எழுதிக்கொள்கிறோம்.

ஆனால் பிற சமயக் கதையைச் சுவைப்பது தமிழருக்குப் புதிது இல்லை. சமண நூலான சிந்தாமணியைச் சோழ மன்னன் விரும்பிப் படித்ததைக் கண்டுதான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று மரபில் ஒரு செய்தி உண்டு. அதே சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டவர் சைவ மடத்தில் தமிழ் படித்த உ. வே. சா. அதற்காகக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் அவர்களிடம் பாடம் கேட்டார்.

நடை எப்படி இருக்க வேண்டும்?

"திருவாய் மலர்ந்தருளினார்", "ஆட்கொண்டார்" போன்ற சொற்களை முதலில் எடுத்துவிடுங்கள். அவை வாசகர் சார்பில் நீங்களே கைகூப்பிவிடும் சொற்கள். வியப்புக்குறிகளையும் எண்ணிப் பாருங்கள். என் முதல் வரைவில் ஒரே பக்கத்தில் பதினான்கு இருந்தன. அற்புதம் நடக்கும் வரியில் பொருட்பெயரும் வினைச்சொல்லும் போதும்: அகப்பை, சோறு, கனத்தது.

அதற்காக ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த மிகுபுனைவுகளின் மொழிக்குப் போய்விட வேண்டாம். நம் ஊரில் பூதம், சதுக்கம், பாவை, பீடிகை, பொய்கை எல்லாம் இருக்கின்றன. பசியைப் பற்றிச் சாத்தனார் சொல்வதைப் பாருங்கள்: "குடிப்பிறப் பழிக்கும் விழுப்பம் கொல்லும்", கல்வி என்னும் தெப்பத்தைக் கைவிடச் செய்யும், நாணத்தைக் களையும், கடைசியில் மனைவியோடு பிறர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். பசியை அவர் "பாவி" என்கிறார். என் நாவலின் பகைவனுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

மூல வரிகளை நேரடியாகச் சேர்க்கலாமா?

மிகக் குறைவாக. "உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே" என்ற வரியைச் சேர்க்க மிகவும் ஆசைப்பட்டேன். எல்லோருக்கும் பள்ளிப் பாடமாகத் தெரிந்த வரி என்பதால் படிப்பவர் கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறார். எடுத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் வைத்தேன். ஆதிரை சோறிடும்போது சொல்வதாகச் சாத்தனார் எழுதியது: "பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக." பொருள் எழுதவில்லை, அடிக்குறிப்பும் இல்லை. கடைசி வரைவை என் அக்காள் மகள் சமையலறை வாசலில் நின்று உரக்கப் படித்தாள். அந்த வரி வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டினாள்.